கொள்ளுத்தாத்தாவின் குண்டாந்தடியை லண்டனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா சென்னை மாகாணப் போலீசில் ஏட்டாக இருந்தவர். பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு குண்டாந்தடி கிடைத்தது. கிரீடமும் அதன் கீழே ‘வி.ஆர்.’ என்ற ஆங்கில எழுத்துகளும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. அதன் வரலாற்றைத் தேடிவருகிறேன். லண்டனில் உள்ள சேகரிப்பாளர் ஒருவர், கூரியரில் அனுப்பினால் ஆராய்ந்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா? வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். உறவினர்கள் சொல்வதற்குப் பயப்பட வேண்டாம்; உண்மையான ஆபத்து அந்தக் கூரியரில்தான் இருக்கிறது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவம் உள்ள, நூறு ஆண்டுக்குக் குறையாத எந்தப் பொருளும் தொல்பொருளே. உங்கள் தடியின் வயதை அந்த இரண்டு எழுத்துகளே சொல்லிவிடுகின்றன. அவை விக்டோரியா ராணியின் முத்திரை. அவர் 1901 ஜனவரியில் மறைந்தார். ஏழாம் எட்வர்டின் ‘ஈ.ஆர்.’ இருந்தாலும் 1910-க்குள் அடங்கிவிடும். ‘ஜி.ஆர்.’ என்றிருந்தால்தான் சிக்கல்: ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரையிலும், அவருக்குப் பின் ஆறாம் ஜார்ஜும் அரசாண்டதால் வேறு சான்று தேட வேண்டும். ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று கேள்வி எழுந்தால் இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் அளித்தவரோ சொல்வதே இறுதி முடிவு.

தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மத்திய அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போதான் அனுப்பலாம். தானே அனுப்பினாலும், பிறர் மூலம் அனுப்பினாலும், அனுப்ப முயன்றாலும் தண்டனை ஒன்றுதான்: குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அதோடு அபராதம். திரும்பி வந்துவிடும் என்ற வாக்குறுதி உங்களைக் காப்பாற்றாது. சுங்கத்துறை பறிமுதல் செய்தால் தடியும் போய்விடும்.

இனி, வீட்டில் வைத்திருப்பது. ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், ஈட்டி ஆகியவற்றுடன் உள்ளே கத்தி மறைத்த கைத்தடியும் இரும்புத் தடியும் இடம்பெற்றிருக்கின்றன. சாதாரண மரத்தடி அதில் இல்லை. ஆகவே பிடியைத் திருகினால் கழன்று வருகிறதா, எடை மரத்துக்கு மீறியதாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அரசுச் சொத்தைத் திருடியதாகாதா என்ற பயமும் தேவையில்லை. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வைத்திருப்பவர் மீதுதான் அந்தக் குற்றம் சேரும். பரம்பரையாக வந்ததை நல்லெண்ணத்தோடு வைத்திருப்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். இருந்தாலும், எங்கே, யார் முன்னிலையில் கிடைத்தது என்பதை எழுதி, அங்கிருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

தொல்பொருள் சட்டம் பதிவைக் கட்டாயமாக்குவது அறிவிக்கப்பட்ட வகைகளுக்கு மட்டுமே. அவற்றில் ஓவியமும் உண்டு. உங்கள் தடியில் வண்ண வேலை இருப்பதால் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. தொல்பொருள் விற்பதை வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும்.

ஆராய்ச்சிக்கு லண்டன் வரை போகத் தேவையில்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் பழைய கோப்புகள் அங்கேதான் உள்ளன. விண்ணப்பித்து அனுமதி பெற்றுப் பார்க்கலாம். அதே எழும்பூரில், பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் போலீஸ் அருங்காட்சியகமும் இயங்குகிறது. கொள்ளுத்தாத்தாவின் பணிப்பதிவு எங்கே இருக்கிறது என்பதை அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி காவல்துறைக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சேகரிப்பாளருக்குப் படங்கள் அனுப்பத் தடை இல்லை. கிரீடம், எழுத்துகள், வார் கோக்கும் துளை, அடிப்பகுதியில் குத்தப்பட்ட தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ இருந்தால் அதுவும், நீளம், எடை எல்லாம் அனுப்புங்கள். அதற்கு முன் தடியைத் தேய்த்துக் கழுவுவதோ வார்னிஷ் அடிப்பதோ வேண்டவே வேண்டாம். அந்த வண்ணப் பூச்சுதான் உங்கள் கையிலுள்ள முதல் சான்று. ஒருவேளை ஏற்கெனவே பொட்டலம் கட்டிக் கூரியரில் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றே எழுத்து மூலம் நிறுத்தச் சொல்லித் திரும்பப் பெற்று, அதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.