செத்த சென்சாரும் பூஜ்ஜியம்தான் காட்டும்: கேஸ் டிடெக்டர் கேள்வி-பதில்

சேகோ ஆலை, கிணற்று வேலை, ஓசூர் தொழிற்சாலை, செப்டிக் டேங்க் லாரி என்று நான்கு பக்கத்திலிருந்தும் ஒரே கருவியைப் பற்றிக் கேள்வி வந்திருக்கிறது: சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன கேஸ் டிடெக்டர். ஓசூரில் இந்தக் கருவிகளைப் பழுதுபார்க்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இந்த வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, அரூர் பக்கம் எங்களுக்கு ஜவ்வரிசி ஆலை. கழிவுநீர்த் தொட்டியும் பயோகேஸ் கலனும் இருக்கின்றன. நான்கு வாயு பார்க்கும் டிடெக்டர் ஆன்லைனில் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டீலர் 42,000 சொல்கிறார். ஆன்லைனில் வாங்கிய நண்பர் சிகரெட் லைட்டரைப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார், உடனே அலறியது. வேலை செய்கிற பொருளுக்கு ஏன் இத்தனை விலை வித்தியாசம்?

பதில்: லைட்டர் சோதனையை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இந்தக் கருவிக்குள் நான்கு தனித்தனி சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று தீப்பிடிக்கும் வாயுவுக்கு, ஒன்று ஆக்சிஜனுக்கு, ஒன்று ஹைட்ரஜன் சல்பைடுக்கு, ஒன்று கார்பன் மோனாக்சைடுக்கு. லைட்டரிலிருந்து வரும் பியூட்டேன் முதல் சென்சாரை மட்டும்தான் எழுப்பும். அதுவும் அளவுக்கு மீறிய அடர்த்தியில் போய் மோதுவதால் அந்த சென்சாரே கெட்டுப்போகலாம். உங்கள் தொட்டியில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. அந்த சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று லைட்டர் சொல்லாது.

நான் வருகிறவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். சுத்தமான காற்றில் நல்ல சென்சார் பூஜ்ஜியம் காட்டும். செத்துப்போன சென்சாரும் பூஜ்ஜியம்தான் காட்டும். திரையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்து, எண் ஏறுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. இதற்கு ‘பம்ப் டெஸ்ட்’ (bump test) என்று பெயர். காற்றை உறிஞ்சும் பம்ப்புக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. கருவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு நாளும், இறங்குவதற்கு முன், இதைச் செய்ய வேண்டும்.

ஒரு முறை சேகோ ஆலை ஒன்றிலிருந்து வந்த டிடெக்டரை மேசையில் வைத்து, 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) ஹைட்ரஜன் சல்பைடு உள்ள சோதனை வாயுவைக் கொடுத்தேன். நல்ல கருவி என்றால் சில நொடிகளில் 10-ஐத் தாண்டி அலறியிருக்கும். இது ஒரு நிமிடம் ஆகியும் 4-லேயே நின்றது. மூடியைக் கழற்றினேன். வடிகட்டி மேல் ஸ்டார்ச் காய்ந்து, கஞ்சி வடித்த பானையின் விளிம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஏடு மாதிரி படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொருக்காக வந்தது. வடிகட்டியை மாற்றியதும் 24 காட்டியது. அந்தக் கருவியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு எத்தனை பேர் எத்தனை நாள் தொட்டிக்குள் இறங்கினார்களோ. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே விலையை ஒப்பிடும்போது கருவியோடு என்ன வருகிறது என்று பாருங்கள். சோதனை வாயு சிலிண்டரும் அதற்கான ரெகுலேட்டரும் தருகிறார்களா? நான்கு வாயுவும் கலந்த 58 லிட்டர் சிலிண்டர் பரவலாகக் கிடைக்கிறது. நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் அரை நிமிடம் கொடுத்தால் ஒரு சோதனைக்குக் கால் லிட்டர்தான் செலவாகும். இருநூறு தடவைக்கு மேல் வரும். சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு, அதைப் பாருங்கள். இணைக்கும் குழாய் அவர்கள் கொடுத்ததாகவே இருக்கட்டும். கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் டியூப் ஹைட்ரஜன் சல்பைடை உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது சென்சார் தயாரான தேதி. பல வகை ஆக்சிஜன் சென்சார்களின் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து இல்லை, அது தயாரான நாளிலிருந்தே தேய ஆரம்பித்துவிடும். குடோனில் ஒன்றரை வருடம் கிடந்ததைத் தள்ளுபடியில் வாங்குவது நஷ்டம். கேலிபரேஷன் சான்றிதழ் கேளுங்கள். எந்தத் தேதியில், எந்த வாயுவை வைத்துச் சரிபார்த்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். பயோகேஸ் இருக்கும் இடம் என்பதால் தீப்பொறி உண்டாக்காத வகைக் கருவிதான் வேண்டும். அதற்கு ‘பெசோ’ என்ற மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டு, ஒப்புதல் எண்ணைக் கருவியின் லேபிளோடு ஒத்துப்பாருங்கள்.

இதெல்லாம் சேர்ந்து 42,000 என்றால் அது நியாயமான விலை. சிலிண்டரும் இல்லை, மாற்று சென்சாரும் கிடைக்காது என்றால் 9,000 ரூபாய்ப் பொருளைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். சிலிண்டர் தராத டீலரின் 42,000-க்கும் என் பதில் அதேதான்.

பயோகேஸ் கலனுக்கு ஒரு எச்சரிக்கை. தீப்பிடிக்கும் வாயுவைப் பார்க்கும் சாதாரண சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும். உள்ளே மீத்தேன் நிறைந்து ஆக்சிஜன் வற்றிப்போயிருந்தால் அது குறைவாகக் காட்டி ஏமாற்றும். அதனால் எப்போதும் ஆக்சிஜன் எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியிலோ, இறங்கும் முன் பூஜ்ஜியமாக இருந்தது சேற்றை ஒரு கிளறு கிளறியதும் குபீரென்று ஏறும். ஒரு தடவை அளந்துவிட்டுக் கருவியை மேலே வைத்துவிட்டு இறங்கக் கூடாது. வேலை முடியும்வரை உள்ளே இருப்பவரின் மேலேயே அது இருக்க வேண்டும்.

கேள்வி: பென்னாகரம் வட்டாரத்தில் கிணறு தூர்வாருவதும் ஆழப்படுத்துவதும் எங்கள் தொழில். எங்கள் அப்பா காலத்தில் லாந்தர் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள், வேப்பங்கொத்தைக் கட்டி ஏற்றி இறக்குவார்கள். இப்போது டிடெக்டர் வாங்கச் சொல்கிறார்கள். நான்கு வாயு வகை போதுமா?

பதில்: போதாது. உங்கள் வேலைக்குக் கார்பன் டைஆக்சைடு சென்சாரும் சேர்ந்த கருவி வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். கார்பன் டைஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பாழுங்கிணற்றின் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். டிடெக்டரின் அலாரம் 19.5-க்குக் கீழே போனால்தான் அடிக்கும். பாறை இடுக்கிலிருந்து கார்பன் டைஆக்சைடு வந்து காற்றைத் தள்ளி நிரப்புகிறது என்று வையுங்கள். ஆக்சிஜன் 19.5-க்கு இறங்குவதற்குள் அந்த வாயு கிட்டத்தட்ட 6.7 சதவீதம் சேர்ந்திருக்கும். 4 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கிற அளவு. அதாவது ஆள் மயங்கி விழுந்த பிறகும் நான்கு வாயு டிடெக்டர் வாயைத் திறக்காமல் இருக்கலாம்.

லாந்தரும் அப்படித்தான். ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கினால்தான் சுடர் அணையும். ஹைட்ரஜன் சல்பைடையும் கார்பன் மோனாக்சைடையும் அது காட்டவே காட்டாது. மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்குத் திரி. பெரியவர்கள் தங்களிடம் இருந்ததை வைத்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேப்பங்கொத்து காற்றைக் கலக்கிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் இன்று அந்த வேலைக்கு அடிவரை எட்டும் குழாயோடு ஒரு ப்ளோயர் வைத்துக்கொள்ளுங்கள். அது டிடெக்டருக்கு ஈடான முக்கியம்.

பம்ப் வைத்த கருவி வாங்க முடிந்தால் நல்லது. மேலே நின்றபடியே குழாயை இறக்கி, நான்கு அடிக்கு ஒரு தடவை நிறுத்தி அளக்கலாம். அவசரப்படக் கூடாது. குழாயில் காற்று ஏறிவர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று நொடி, அதற்கு மேல் எண் நிலைக்க இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவியின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுவே சரி. குழாய் நுனி தண்ணீரைத் தொட்டால் பம்ப் போய்விடும், நுனியில் வடிகட்டி இருக்கட்டும்.

பம்ப் இல்லாத கருவிதான் இருக்கிறதா? பழைய உச்ச அளவை அழித்துவிட்டு, கயிற்றில் கட்டி இறக்குங்கள். தண்ணீருக்கு ஒரு அடி மேலே மூன்று நிமிடம் நிற்கட்டும். மேலே இழுத்ததும் ‘பீக்’ அளவைப் பாருங்கள். வாயுக்களில் ஏறிய உச்சமும் ஆக்சிஜன் இறங்கிய அடிமட்டமும் அதில் பதிவாகியிருக்கும். திரையில் அப்போது தெரியும் எண் மேலே உள்ள காற்றுடையது, அதை நம்பாதீர்கள்.

வெடி வைத்து ஆழப்படுத்தினால் கார்பன் மோனாக்சைடோடு நைட்ரஜன் டைஆக்சைடும் வரும். பின்னதற்கு நான்கு வாயு கருவியில் சென்சார் கிடையாது. ப்ளோயர் ஓடாமல் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்குவதை எந்த டிடெக்டரும் நியாயப்படுத்தாது.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளி, டேங்க் கழுவும் வேலை. ஆறு பேருக்கு ஒரே டிடெக்டர். அதையும் சூப்பர்வைசர் மேலே தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறாராம். அலாரம் அடித்தால், “சானிடைசர் வாசனைக்கே கத்தும், பயப்படாதே” என்கிறாராம். உண்மையா?

பதில்: அம்மா, அதில் பாதி உண்மை. சானிடைசரில் உள்ள ஆல்கஹால் ஆவி கார்பன் மோனாக்சைடு சென்சாரை ஏமாற்றும். பேட்டரி சார்ஜ் செய்யும் இடத்து ஹைட்ரஜனும் அப்படித்தான். ஆனால் எதனால் அடித்தது என்று டேங்குக்குள் நின்று யோசிக்கக் கூடாது. முதலில் வெளியே வர வேண்டும், காரணத்தை வெளியே வந்து பேசிக்கொள்ளலாம்.

மேலே நிற்பவர் பாக்கெட்டில் இருக்கும் கருவி மேலே உள்ள காற்றைத்தான் அளக்கும். உள்ளே இறங்குகிறவரின் காலர் அருகில், மூக்கிலிருந்து ஒரு அடிக்குள் அது இருக்க வேண்டும். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆம் பிரிவிலேயே இதற்கு வழி சொல்லியிருந்தது: தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், அல்லது இறங்குகிறவர் சுவாசக் கருவியும் பெல்ட்டும் அணிந்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். “சோதித்த காகிதம் எங்கே?” என்று அவர் தாராளமாகக் கேட்கலாம்.

அவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். அழுகிய முட்டை வாடை வந்து திடீரென நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போகும், அப்போதுதான் ஆபத்து உச்சம். கூட வேலை செய்கிறவர் விழுந்தால் பின்னாலேயே குதிக்கவும் கூடாது. அண்ணனைத் தூக்க இறங்கிய தம்பியும் அங்கேயே கிடப்பான். கயிற்றைப் பிடித்து மேலிருந்துதான் இழுக்க வேண்டும்.

கேள்வி: பாலக்கோட்டில் ஒரே ஒரு செப்டிக் டேங்க் லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். வாங்கிய டிடெக்டர் நான்கு மாதத்தில் ஆக்சிஜன் பிழை காட்டி நின்றுவிட்டது. “தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்கிறார் விற்றவர்.

பதில்: போகலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேர்ப்பதில்லை என்பது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. உங்கள் நிலை அதுதான். (மேலே கேட்ட ஆலைக்காரருக்கு இந்த வழி கடினம். அவர் வாரண்டி நிபந்தனைகளை ஆர்டரிலேயே எழுதி வாங்க வேண்டும்.)

முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் வெளியூர் என்றாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், சீரியல் எண், பிழை தெரியும் திரையின் போட்டோ மூன்றையும் எடுத்துவையுங்கள். கருவியை நீங்களே பிரிக்க வேண்டாம்.

புதுக் கருவி வந்ததும் ஆளை டேங்குக்குள் இறக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இப்படி நேரும் சாவுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. உங்களுக்கு டிடெக்டர், மூடியைத் திறக்கும்போது உங்கள் தலையைக் காப்பாற்ற. மூடியைத் திறந்ததும் குனிந்து எட்டிப்பார்க்காமல், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று குழாயை இறக்குங்கள்.