ஏழு மீட்டர் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் நண்பர் ஒரு ஹேங் கிளைடிங் (எஞ்சின் இல்லாத சிறகில் தொங்கியபடி பறக்கும்) போட்டியில் இலக்குவரை பறந்து இறங்கினார். ஆனால் வழியில் தொட்டுச் செல்ல வேண்டிய இரண்டாவது திருப்புமுனையைச் சுற்றியுள்ள 400 மீட்டர் ஆர வட்டத்தை 7 மீட்டரில் தவறவிட்டதாக அவருடைய ஜி.பி.எஸ். பதிவு காட்டியது. அதனால் அந்த இடம்வரைக்கும்தான் புள்ளி கொடுத்தார்கள். வட்டத்தைத் தொட்டுவிட்டதாகக் கருவி ஒலியெழுப்பியது என்கிறார் அவர். இத்தனை தூரம் பறந்தவரை ஏழு மீட்டருக்காகத் தண்டிக்கலாமா? நடுவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எஞ்சின் இல்லாமல், மேலெழும் காற்றை மட்டுமே நம்பி மணிக்கணக்கில் பறந்து இலக்கில் இறங்கியவருக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு வலித்திருக்கும் என்பது புரிகிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்கும் நடுவரை என்னால் ஏற்க முடியாது.

இந்த விளையாட்டில் ஒருவருடைய புள்ளி மற்றவர்களுடைய புள்ளியோடு பின்னிக்கிடக்கிறது. பரவலாகப் பின்பற்றப்படும் ஜி.ஏ.பி. கணக்கீட்டு முறையில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 1,000 புள்ளிகள். எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள், வேகமானவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பதையெல்லாம் பொறுத்தே அவை பங்கிடப்படுகின்றன. உங்கள் நண்பரை இலக்கை எட்டியவராகச் சேர்த்தால் மற்றவர்களின் எண்களும் நகரும். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் வட்டத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும் என்று உயரத்தையும் நேரத்தையும் இழந்த ஒருவர் அந்தப் பட்டியலில் இருப்பார். அவரைக் கேட்காமல் அவருடைய புள்ளியை எடுத்துக் கொடுக்க நடுவருக்கு உரிமை இல்லை.

ஆகவே இரக்கம் கேட்க வேண்டாம். அந்த ஏழு மீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விடையில் வழக்கே மாறிவிடலாம்.

முதலில் பதிவின் இடைவெளி. மணிக்கு 60 கிலோமீட்டரில் பறக்கும் கிளைடர் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஐந்து வினாடிக்கு ஒருமுறை பதியும் கருவியில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 80 மீட்டருக்கு மேல் வெற்றிடம். வட்டத்தின் ஓரத்தை உரசிச் சென்ற பறத்தல் அந்த வெற்றிடத்தில் தொலைந்துபோகலாம். அப்படித் தொலைந்திருந்தால் வருத்தம்தான். ஆனால் தன் பதிவுக்கு விமானியே பொறுப்பு.

அடுத்தது அந்த வட்டத்தின் மையப்புள்ளி. இங்கேதான் நான் உங்கள் நண்பரின் பக்கம் சாயக்கூடும். அட்சரேகையில் ஒரு கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது ஏறக்குறைய 1,852 மீட்டர். கலையை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கினாலே மையம் 9 மீட்டர்வரை விலகிவிடும். போட்டி நடத்துபவர்கள் விமானிகளுக்குக் கொடுத்த, திருப்புமுனைகளின் இருப்பிட எண்கள் கொண்ட கோப்பில் அப்படிச் சுருக்கப்பட்ட எண்ணும், அவர்களுடைய கணினியில் முழு எண்ணும் இருந்திருந்தால், கருவி ஒலித்ததும் உண்மை, கணினி மறுத்ததும் உண்மை. அப்போது பிழை விமானியுடையது அல்ல. கொடுத்த கோப்பை நம்பியவர் தோற்கக் கூடாது. அந்தக் கோப்பின்படியே எல்லோருடைய பதிவுகளையும் மறுபடி கணக்கிட வேண்டும். அவருக்கு மட்டும் ஏழு மீட்டர் தள்ளுபடி செய்வது தீர்வாகாது. அவரே கையால் எண்களைக் கருவியில் தட்டியிருந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

பூமியைச் சீரான கோளமாகக் கொள்கிற கருவிக்கும் சற்றுத் தட்டையான உருவமாகக் கொள்கிற கருவிக்கும் தூரம் சிறிது வேறுபடும். இப்படிப்பட்ட வேறுபாடுகளுக்காக விதியே ஒரு சிறு சலுகை வைத்திருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டாலும் 400 மீட்டருக்கு அது சில மீட்டர்தான். ஏழு மீட்டரை அது விளக்காது.

யார் விசாரிப்பது என்பதும் முக்கியம். உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் விதிகளில் முதலில் போட்டி இயக்குநரிடம் புகார். அவர் பதிலில் நிறைவில்லை என்றால் கட்டணம் கட்டி நடுவர் குழுவிடம் எழுத்தில் முறையீடு. முறையீடு ஏற்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இந்த இரண்டாம் படியை நான் மிகவும் மதிக்கிறேன். பாதையை வகுத்த இயக்குநரே அந்தப் பாதையில் பிழை உண்டா என்று கடைசித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உள்ளூர்ப் போட்டிகளில் ஆள் போதவில்லை என்று இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். அது தவறு. பாதையை வகுப்பதில் கைவைக்காத மூன்று பேரை முதல் நாளே நியமித்துவிட்டால் போதும்.

காலக்கெடு குறுகியது, முடிவுகள் வெளியானதும் ஓடத் தொடங்கிவிடும். நண்பரிடம் அதற்குள் மூன்றைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்: கருவியிலுள்ள மூலப்பதிவு, போட்டி நடத்துபவர்கள் தந்த கோப்பு, அன்றைய பாதையை எழுதிவைத்த பலகையின் படம். கோபத்தைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம். இரண்டு மையங்களின் எண்களை அடுத்தடுத்து எழுதி, அவற்றுக்கிடையே உள்ள தூரத்தைக் குறிப்பிட்டால் போதும்.