வாசகர் கேள்வி – பதில்: குதித்துப் பெயர் வாங்கியவர் 43 வயது வரை ஆடியது எப்படி?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வின்ஸ் கார்ட்டரின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மாலைதோறும் பள்ளியின் சிமென்ட் தளத்தில் ரிங்கை எட்டிப் பிடிக்கக் குதித்துக்கொண்டே இருக்கிறான். முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்கிறான். குதிப்பதைத் தவிர அந்த வீரர் என்ன சாதித்தார்? ஒரு கோப்பையைக்கூட வெல்லவில்லையாமே?
— வாசகி, திருமங்கலம்

பதில்: அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் கோப்பை அவருக்குக் கடைசி வரை வாய்க்கவில்லை என்பது உண்மைதான்; ஆனால் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் அவர் இருந்தார். அந்தப் போட்டியில்தான், 7 அடி 2 அங்குல உயரமுள்ள பிரான்ஸ் வீரர் ஃபிரெடெரிக் வைஸின் தலைக்கு மேலே தாண்டிச் சென்று பந்தை வளையத்துக்குள் அடித்தார். கார்ட்டரின் உயரம் 6 அடி 6 அங்குலம். உங்கள் மகன் பார்ப்பது பெரும்பாலும் இதையும், அதே ஆண்டு ஓக்லண்டில் நடந்த டங்க் (குதித்தெழும்பி வளையத்துக்குள் பந்தை அடிக்கும்) போட்டியையும்தான் இருக்கும்.

காணொளிகளில் வராத பகுதியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. உங்கள் மகன் சொல்லும் இடத்தில் உள்ள தசைநாண், ஓயாமல் குதிப்பவர்களுக்கு நொந்துபோவது வழக்கம். கார்ட்டரும் அந்த வலியை அனுபவித்தவர், 2002-இல் இடது முழங்காலில் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய ஆட்டத்தை, தூரத்திலிருந்து எறியும் திறமையை வளர்த்துக்கொண்டு, பின்னாளில் மாற்று வீரராகப் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடவும் மனமொப்பி, எட்டு அணிகளில் 22 பருவங்கள் நீட்டினார். 1999 முதல் 2020 வரை ஆடியதால், 1990கள், 2000கள், 2010கள், 2020கள் என நான்கு பத்தாண்டுகளிலும் என்.பி.ஏ.வில் கால்பதித்த முதல் வீரர் அவரே. மொத்தம் 25,728 புள்ளிகள். தூரத்திலிருந்து எறிந்து போட்ட மூன்று புள்ளி எறிதல்கள் மட்டும் 2,290.

2014-இல் டல்லாஸ் அணிக்காக சான் அன்டோனியோவுக்கு எதிராக அவர் ஆடிய பிளே-ஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்று) ஆட்டத்தை மகனுக்குக் காட்டுங்கள். 1.7 விநாடி மீதமிருக்கையில், இடது மூலையில் பந்தை வாங்கி, எறிவதுபோல் பாவனை செய்து, தடுக்க வந்த எதிரணி வீரர் மனு ஜினோபிலியை மேலே எழும்ப வைத்துவிட்டு, அவர் கீழே வருவதற்குள் நிதானமாக எறிந்தார். டல்லாஸ் 109–108 என வென்றது. அன்று குதித்து ஏமாந்தவர் எதிராளி!

சிமென்ட் தளத்தில் குதிக்கும் பயிற்சியை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, பெரியாஸ்பத்திரி எலும்பியல் பிரிவிலோ வேறு எலும்பியல் மருத்துவரிடமோ காலைக் காட்டுங்கள். தொடை, கெண்டைக்கால் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளை அவர்கள் சொல்லித் தருவார்கள்.

கேள்வி: முக்கியமான ஆட்டத்தன்று பட்டமளிப்பு விழாவுக்குப் போய், அணியைத் தோற்கடித்தவர்தானே இந்தக் கார்ட்டர்?
— வாசகர், மேலூர்

பதில்: விழாவுக்குப் போனது உண்மை, தோற்கடித்தார் என்பதை ஏற்க மாட்டேன். படிப்பு முடியுமுன்னே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்துவிட்ட அவர், மீதிப் பாடங்களையும் முடித்து, 2001 மே 20 காலையில் வட கரோலினா பல்கலைக்கழக விழாவில் கலந்துகொண்டு, விமானத்தில் பிலடெல்பியா போய்ச் சேர்ந்து, அன்றே டொராண்டோ அணிக்காக, பிளே-ஆஃப் சுற்றின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில் இறங்கினார். அவர் எறிந்த கடைசிப் பந்து விழாததால் அணி 88–87 எனத் தோற்றது. ஆனால் அதே ஆட்டத்தில் 20 புள்ளிகள் எடுத்ததோடு, சக வீரர்கள் கூடை போட ஒன்பது முறை பந்து கொடுத்தவரும் அவர்தான்.