கெஸல் வாங்கி விற்றால் லாபம் நிற்குமா?

கேள்வி: காரைக்குடியில் மரக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் காலமான டாக்டர் ஒருவரின் வீட்டு ஷெட்டில் 1974 மாடல் ஸ்டாண்டர்டு கெஸல் கார் நிற்கிறது. 2009-ல் ஆர்.சி. முடிந்ததிலிருந்து வெளியே எடுக்கவே இல்லையாம். டாக்டரின் மனைவி ஒன்றரை லட்சம் கேட்கிறார். பின்பக்க விளக்கு ஒன்று இல்லை, சீட் கிழிந்திருக்கிறது, மற்றபடி முழு வண்டி. ஆர்.சி. புக் டாக்டர் பெயரிலேயே இருக்கிறது. அதே கம்பெனியின் ஹெரால்டு கார் நல்லதாக இருந்தால் நாலு லட்சம் வரை போகிறது என்கிறார் என் மைத்துனர். இதை வாங்கி, சரிசெய்து விற்றால் லாபம் நிற்குமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஒன்றரை லட்சத்துக்கு வாங்கி, முழுசாகச் சரிசெய்து விற்பதாக இருந்தால் வேண்டாம். கைக்காசு போகும். ஆனால் இந்த வண்டியை விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனர் சொல்வது ஹெரால்டு விலை. கெஸல் வேறு கணக்கு. இரண்டும் சென்னைப் பக்கம் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு கம்பெனியில் பிறந்தவைதான், எஞ்சினும் அதே 948 சிசிதான். இங்கே ஹெரால்டு வந்தது 1961-ல். இங்கிலாந்தில் 1959-ல் வெளியான ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு அது. மிக்கலாட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்த உருவம். அம்பாசடர் கல்கத்தா பக்கத்திலிருந்தும் ஃபியட் பம்பாயிலிருந்தும் வந்த காலத்தில் இது நம்ம ஊர் வண்டி. டாக்டர், வக்கீல் வீடுகளில் நின்றது. முன்பகுதி முழுவதையும் அப்படியே முன்னால் சாய்த்தால் எஞ்சினும் இரண்டு சக்கரமும் வெட்டவெளியாகத் தெரியும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டர் கழற்றலாம். சின்ன வயதில் அப்பாவின் ஹெரால்டில் போனவர்கள் இன்றைக்கு அறுபது, எழுபது வயதில் காசோடு தேடி வருகிறார்கள். ஹெரால்டுக்கு விலை நிற்பது அவர்களால்தான்.

கெஸலுக்கு அப்படிப்பட்ட ஞாபகக்காரர்கள் குறைவு. 1970களின் தொடக்கத்தில் வந்தது, 1977-ல் நின்றுவிட்டது. அதிலும் கொஞ்சம்தான் செய்தார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும்; நம்ம ரோட்டில் அந்த அமைப்பு தொல்லை என்று மெக்கானிக்குகள் குறை சொன்னதால் கெஸலில் அதை எடுத்துவிட்டு நேர் ஆக்ஸில் போட்டார்கள். வண்டி உறுதியானது. ஆனால் ஹெரால்டு பிரியர்கள் ‘இது ஹெரால்டு இல்லை’ என்றார்கள், புதுசு தேடியவர்கள் ‘இது பழைய ஹெரால்டுதானே’ என்றார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை மாறவில்லை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஸ்டாண்டர்டில் வேலை பார்த்தவர். அவர் கெஸலைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை. சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தழையாது என்பார். ஓட்டிப் பார்த்திருக்கிறேன், உண்மைதான். ஆனாலும் விலை பேசும் இடத்தில் ஹெரால்டு வாங்குகிறவர் ஒரு தொகை சொன்னால் கெஸலுக்கு அதில் பாதியைத் தாண்டி வரமாட்டார்.

இப்போது செலவைப் பார்ப்போம். டிங்கரிங், பெயிண்ட் ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை லட்சம். எஞ்சின் இறக்கி ரீபோர், பிஸ்டன், கிளட்ச் என்று போனால் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. சீட், மேல்துணி நாற்பது. பிரேக், டயர், பேட்டரி நாற்பத்தைந்து. வயரிங் இருபது. காகித வேலைக்கு ஒரு முப்பதாவது ஒதுக்கவேண்டும். வண்டி விலையோடு சேர்த்தால் ஐந்து லட்சத்தை ஒட்டி வருகிறது. இது என் பட்டறைக் கணக்கு, உங்கள் ஊரில் கூலி கொஞ்சம் குறையலாம். எவ்வளவு குறைந்தாலும் அந்தப் பணத்துக்கு கெஸலைக் கேட்டு வரும் ஆளை நான் பார்த்ததில்லை. பேர் வாங்காத வண்டியில் கூலி திரும்பி வராது. வாங்குகிறவர் வண்டிக்குத்தான் காசு தருவார், நாம் அதில் போட்ட வேலைக்கு இல்லை.

அதனால் லாப நோக்கோடு இதைத் தொடுவதாக இருந்தால் வழி ஒன்றுதான். முதலில் வாங்குகிற ஆளைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் வண்டியை வாங்குங்கள். கெஸலைத் தேடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள், ஆனால் இருக்கிறார்கள். ஸ்டாண்டர்டு கம்பெனியின் எல்லா மாடலும் தன் ஷெட்டில் நிற்கவேண்டும் என்று நினைக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. ஹெரால்டு எளிதாகக் கிடைத்துவிடும், அவர்களுக்குக் கிடைக்காமல் நிற்பது கெஸல்தான். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி பழைய கார் பிரியர்களின் அமைப்புகள் இருக்கின்றன. அடுத்த ராலி எப்போது என்று விசாரித்து ஒருமுறை போய் நின்று பேசுங்கள். கையில் நல்ல போட்டோக்கள் இருக்கட்டும்: நான்கு கதவையும் திறந்தபடி, அடிப்பகுதி, சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், புக்கின் முதல் பக்கம். அப்படிப்பட்டவர்களுக்கு புது பெயிண்ட் வேண்டாம். பழைய பெயிண்டும் பழைய பேட்ஜும் தொடாமல் இருந்தால்தான் நல்ல விலை தருவார்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும் நீள ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொள்ளுங்கள். இது தனி சேஸிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம், மேல் பாடி உட்கார்ந்த வண்டி. கதவுக்குக் கீழே சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் இருக்கும், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். டங்கென்று சத்தம் வந்தால் நல்லது. உள்ளே இறங்கினால் விலையை அங்கேயே பாதியாக்குங்கள். அப்புறம் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தால் சேஸிஸ் தொய்ந்திருக்கிறது.

அடுத்தது முன்சக்கரத்தின் உள்பக்கம், கீழே. சக்கரம் திரும்பும் செங்குத்துக் கம்பி ஒரு பித்தளைக் கட்டைக்குள் மரையில் இறங்கி நிற்கும். ட்ரனியன் என்பார்கள். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விடவேண்டும், மேலே வழியும்வரை. இது தெரியாமல் வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்திருப்பார்கள். அந்த கிரீஸ் உள்ளே இறுகிப்போய், மரை வறண்டு, கம்பி அரித்து ஒருநாள் முறியும். ஓட்டத்தில் முறிந்தால் முன்சக்கரம் அப்படியே மடங்கிவிடும். அங்கே எண்ணெய்க் கசிவு இருந்தால் சந்தோஷப்படுங்கள், வண்டியைப் பார்த்துக்கொண்டவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த கிரீஸ் கட்டி இருந்தால், கழற்றிப் பார்க்காமல் தெரு முனை வரைகூட ஓட்டவேண்டாம்.

எஞ்சினுக்குப் பயப்படாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றுங்கள். சாவி போட்டு ஸ்டார்ட்டரால் சுற்றவேண்டாம். கைக்கு எஞ்சின் சுழன்றால் போதும். இந்த எஞ்சினுக்குப் பெரும்பாலான உதிரிகளை இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் காரர்களுக்காக இன்னும் செய்து விற்கிறார்கள். ட்ரனியனும் அப்படியே வரும். வரவே வராதது பின்கதவு. ட்ரையம்ஃப் ஹெரால்டு அங்கே இரண்டு கதவோடுதான் வந்தது. நாலு கதவு நம்ம பெருங்களத்தூர் சமாச்சாரம். ஆகவே பின்கதவு, அதன் கண்ணாடி, கண்ணாடி இறக்கும் மெஷின், கெஸல் பேட்ஜ் இதெல்லாம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத அந்த ஒரு விளக்குக்குச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடைகளில் தேடலாம், ஆனால் வண்டியோடு வந்த ஜோடி விளக்கு எங்காவது அட்டைப் பெட்டியில் கிடக்கிறதா என்று முதலில் டாக்டர் வீட்டு ஷெட்டிலேயே தேடுங்கள். பழைய வீட்டுக்காரர்கள் கழற்றிய சாமானை எறியமாட்டார்கள்.

காகிதம்தான் இந்த வண்டியில் பெரிய வேலை. புக் டாக்டர் பெயரில் இருப்பதால் முதலில் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வைத்து 31-ம் நம்பர் படிவத்தில் டாக்டர் வீட்டு அம்மா பெயருக்கு மாறவேண்டும். அதற்கு அப்புறம்தான் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் சம்மதக் கடிதத்துக்கே மாதங்கள் ஓடும். அத்தனை பழைய புக் கணினியில் ஏறியிருக்காது. பேக்லாக் என்ட்ரி போடச் சொல்லவேண்டும். முடிந்துபோன ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டவேண்டும், பசுமை வரி வேறு, தாமதக் கட்டணம் மாதக்கணக்கில். மொத்தம் எவ்வளவு என்று புக் ஜெராக்ஸோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேசுவது அதற்கு அப்புறம்.

இன்னொரு வழியும் உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். உங்கள் கெஸல் 2024-லேயே அந்த வயதை எட்டிவிட்டது. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்கு. பழைய மூன்றெழுத்து நம்பரையே வைத்துக்கொள்ளலாம், சேகரிப்பாளருக்கு அது பெரிய விஷயம். ஆனால் தினசரி ஓட்ட முடியாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல், மராமத்துக்கு மட்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருந்தாலும் தரமாட்டார்கள். எஞ்சின் நம்பரையும் புக்கையும் போட்டோ எடுக்கச் சொன்னது அதனால்தான், இரண்டும் பொருந்தவேண்டும். இந்தப் பதிவை நீங்கள் செய்யவேண்டாம். வாங்குகிறவருக்கு எது வேண்டுமோ அவர் முடிவு செய்யட்டும்.

என் கணக்குப்படி, ஆள் கிடைத்து, சேஸிஸ் நன்றாக இருந்து, அம்மா எண்பது தொண்ணூறாயிரத்துக்குச் சம்மதித்தால் வாங்கலாம். ஓட வைக்க மட்டும் செலவு செய்யுங்கள்: பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவி, பிரேக் ரப்பர்கள் மாற்றி, பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாகப் போட்டு, பேட்டரி வைத்து. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பரை அது ஊறவைத்து உரித்துவிடும். ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் போனால் முப்பதாயிரம் நிற்கலாம். ஆறு மாத அலைச்சலுக்கு அது போதுமா என்பது உங்கள் விஷயம்.

அம்மாவிடம் விற்கத்தான் வாங்குகிறேன் என்று சொல்லியே வாங்குங்கள். ஒரே தெரு. நாளைக்கு அதே வண்டி யார் கையிலோ ஓடுவதை அவர் பார்க்கத்தான் போகிறார். விலை ஒத்துவராவிட்டால் நீங்கள் கண்டுபிடித்த ஆளை நேராக அவரிடமே கூட்டிப் போங்கள். அவருக்கு நியாயமான விலை, வண்டிக்கு நல்ல இடம். உங்களுக்குக் கமிஷன் பேசிக்கொள்வதில் தப்பே இல்லை.

கேள்வி: என்னிடம் 1987 ஸ்டாண்டர்டு 2000 இருக்கிறது. இது இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 கார்தானே? அப்படிச் சொல்லி விற்றால் விலை கூடுமா?
— ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். உருவம் ரோவர் எஸ்டி1, சரி. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய வண்டியின் அச்சுகளை இங்கே கொண்டுவந்து 1985 முதல் 1988 வரை செய்தார்கள். ஆனால் எஞ்சின் பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார் வம்சத்து இரண்டு லிட்டர். அத்தனை பெரிய பாடிக்கு அந்த எஞ்சின் போதவில்லை, பெட்ரோலும் நிறையக் குடித்தது. ரோவர் தெரிந்தவர் பானெட்டைத் திறந்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். ஸ்டாண்டர்டு 2000 என்றே சொல்லி விற்றால் அதற்கென்று மரியாதை இருக்கிறது. உங்கள் வண்டிக்கு வின்டேஜ் பதிவு 2037 வரை கிடையாது, எனவே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தே ஆகவேண்டும். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாயாக ஏறிவிட்டது. புதுப்பித்த புக்கோடு விற்பதுதான் உங்களுக்கு நல்லது. பம்பர், டாஷ்போர்டு, கண்ணாடி மாதிரி சாமான்களைக் கழற்றித் தனியாக விற்கச் சொல்லி யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். முழு வண்டிகளே இங்கு கொஞ்சம்தான் மிச்சம்.

கேள்வி: விற்பதற்கு முன்னால் பழைய ஹெரால்டுக்கு பெயிண்ட் அடிக்கலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். புது பெயிண்டைப் பார்த்தால் அடியில் துருவை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். தண்ணீர் விட்டுக் கழுவி, உள்ளே குப்பையைக் கூட்டி, நான்கு டயருக்கும் காற்று அடித்து வெயிலில் நிறுத்திப் போட்டோ எடுங்கள். துரு இருக்கும் இடத்தையும் ஒரு போட்டோ எடுத்துக் கூடவே அனுப்புங்கள்.