ஒரே மரத்தில் இரண்டு பாசிக் குஞ்சங்கள்: ஒன்றா, வேறா?

கேள்வி: மழை விட்ட மறுநாள் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து இரண்டு சின்னப் பாசிக் குஞ்சங்களை எடுத்து வந்தேன். இரண்டும் ஒரே பச்சை, ஒரே உயரம். வீட்டில் இரண்டு நாள் கிடந்ததும் ஒன்று சுருண்டுவிட்டது, இன்னொன்று அப்படியே இருக்கிறது. செயலியில் படம் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் வருகிறது. மைக்ராஸ்கோப் இல்லாமல் இவற்றைப் பிரித்தறிய முடியுமா?

பதில்: பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஒன்று சுருண்டது, ஒன்று சுருளவில்லை என்று கவனித்தீர்களே, அதுதான் முதல் அடையாளம். நனைந்திருக்கும்போது மரப்பாசிகள் எல்லாமே இலை விரித்துப் பச்சைப் பசேலென்று ஒன்றுபோலத்தான் தெரியும். செயலி குழம்புவதும் அதனால்தான். அதற்குக் கிடைப்பது ஈரத்தில் எடுத்த படம். ஆரம்பத்தில் நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன். ஈரமாக இருந்த ஏழெட்டு குஞ்சங்களை ஒரே உறையில் போட்டு ஒரே பெயரை எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் உள்ளே மூன்று வகை.

முதலில் அது பாசிதானா என்று பாருங்கள். பட்டையோடு ஒட்டித் தட்டையாகப் படரும் ஃப்ருலானியா போன்ற ஈரல் தாவரங்கள் (பாசிக்கு உறவான வேறொரு கூட்டம்) பலரை ஏமாற்றும். அவற்றின் இலையில் நடுநரம்பு கிடையாது. தண்டைத் திருப்பி லென்ஸில் பார்த்தால் அடியில் குட்டித் தலைக்கவசம் மாதிரி மடல்கள் தெரியும். சாம்பல்பச்சை நிறத்தில் தாடிபோல் தொங்குவது பெரும்பாலும் லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழ்வது.

சரி, உங்கள் இரண்டு குஞ்சங்களுக்கு வருவோம். பட்டையில் குஞ்சமாக வளர்ந்து, காய்ந்ததும் ஒன்று சுருண்டு ஒன்று நேராக நின்றால், குளிர்ந்த பகுதி மரங்களில் நான் முதலில் நினைப்பது இரண்டு பேரினங்களை: யூலோட்டா, ஆர்த்தோட்ரைக்கம். யூலோட்டாவின் இலைகள் காய்ந்தால் கம்பளி நூல்போல் சுருண்டுகொள்ளும். ஆர்த்தோட்ரைக்கத்தின் இலைகள் தண்டோடு ஒட்டி விறைப்பாக நிற்கும். விதிவிலக்கும் உண்டு. ஆர்த்தோட்ரைக்கம் புல்கெல்லம் காய்ந்தால் லேசாக நெளியும்; ஆனால் அதன் வாய்ப்பற்கள் (வித்துப்பையின் வாயைச் சுற்றி நிற்பவை) ஆரஞ்சு நிறத்தில் இருப்பதால் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரே ஒரு இலையை அடியோடு பிய்த்துப் பாருங்கள். யூலோட்டா இலையின் அடிப்பகுதி அகன்று முட்டை வடிவில் இருக்கும், அதன் ஓரத்தில் நிறமற்ற செல்கள் சில வரிசை கரை கட்டினாற்போல் ஓடும்.

பேரினம் தெரிந்த பிறகு சிற்றினத்துக்கு இலையை நம்ப வேண்டாம், வித்துப்பையைப் பாருங்கள். ஒரு குஞ்சத்தில் இளசும் முற்றியதுமாக இரண்டு வயது வித்துப்பைகளாவது வேண்டும். இளசில்தான் பையை மூடும் தொப்பி இருக்கும். அதில் மயிர் உண்டா, எவ்வளவு என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். ஆர்த்தோட்ரைக்கம் என்ற பெயருக்கே ‘நேர்மயிர்’ என்றுதான் பொருள், அந்தத் தொப்பி மயிரை வைத்து வந்தது. வாய்ப்பற்களை அப்போதுதான் திறந்த பையிலும், பைச்சுவரின் வரிகளைக் காய்ந்து காலியான பழைய பையிலும் பார்க்க வேண்டும். வெறும் பச்சைப் பையை மட்டும் கொண்டு வந்து பெயர் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

பத்து மடங்கு கைலென்ஸ் இருந்தால் சிலவற்றை அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். இலை நுனியில் கண்ணாடி இழைபோல நிறமற்ற முள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆர்த்தோட்ரைக்கம் டயாஃபனம். இலைமேல் பழுப்புப் பொடி தூவியதுபோல் ஜெம்மாக்கள் (உதிர்ந்து புதுச் செடியாக வளரும் துணுக்குகள்) அப்பியிருந்து வித்துப்பை கண்ணில் படாவிட்டால் லையெல்லியாக இருக்கலாம். இதைப் பழைய நூல்களில் ஆர்த்தோட்ரைக்கம் என்றும் இப்போது புல்விகெரா என்றும் பார்ப்பீர்கள். ஆர்த்தோட்ரைக்கம் சிற்றினங்களில் அஃபைன், ஸ்ட்ரையேட்டம் என்ற இரண்டும்தான் அதிகம் குழப்புபவை. காய்ந்த பழைய பையில் எட்டு வரிகள் பள்ளமும் மேடுமாகத் தெரிந்து, வாயின் வெளிவரிசைப் பற்கள் ஜோடி ஜோடியாக எட்டாக ஒட்டிப் பின்பக்கம் மடிந்திருந்தால் அஃபைன். பை காய்ந்தும் வழவழப்பாக இருந்து, பற்கள் பதினாறாகத் தனித்தனியே நின்றால் ஸ்ட்ரையேட்டம். ‘வரியுடையது’ என்று பெயர் வைத்துக்கொண்டு வரியே இல்லாமல் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், எனக்கும் அது புரிந்ததில்லை.

யூலோட்டாவுக்குள் கிறிஸ்பாவையும் புரூகையையும் பிரிக்கவும் காலியான பைதான் உதவும். வாய்க்குக் கீழே சட்டென்று இறுகி, வாய் அகலமாக விரிந்திருந்தால் கிறிஸ்பா பக்கம்; கதிர்போல் மேலே போகப் போகக் குறுகி வாய் சிறுத்திருந்தால் புரூகை. ‘கிறிஸ்பா பக்கம்’ என்று தயங்கிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2016-இல் வந்த ஆய்வு, கிறிஸ்பா என்று ஒரே பெயரில் வழங்கியதைப் பிரித்து கிறிஸ்புலா, இன்டர்மீடியா என்ற பழைய பெயர்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. அதற்கு முன்பு அச்சான கையேட்டை வைத்துக்கொண்டு அந்த மூன்றையும் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

இந்தப் பாசிகளில் மைக்ராஸ்கோப் கட்டாயம் வேண்டிய இடம் ஒன்று உண்டு: வித்துப்பைச் சுவரிலுள்ள துளைகள். பையை நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் வித்துகளை ஒரு துளி நீரில் கழுவி, சுவரை வெளிப்பக்கம் மேலே வரும்படி கண்ணாடித் தகட்டில் விரித்து, நூறு மடங்கில் பாருங்கள். துளையைச் சூழ்ந்த இரண்டு காவல் செல்களும் முழுதாக மேற்பரப்பிலேயே தெரிந்தால் அது லெவின்ஸ்கியா, ஆர்த்தோட்ரைக்கத்திலிருந்து பிரித்த பேரினம். பக்கத்துச் செல்கள் மேலே கவிந்து, துளை உள்ளே புதைந்திருந்தால் அது இன்றைய குறுகிய பொருளில் ஆர்த்தோட்ரைக்கம். மேலே சொன்ன அஃபைன், ஸ்ட்ரையேட்டம் இரண்டும் இப்போது லெவின்ஸ்கியாவில்தான் இருக்கின்றன. அதனால் புதிய பட்டியலில் அவை காணவில்லையே என்று தேட வேண்டாம்.

உங்கள் மரம் வெப்பமான பகுதியில் இருந்து, பாசி வெளிறிய பச்சையில் தடித்த இலைகளோடு இருந்தால் கதை வேறு. அங்கே குழப்பம் ஆக்டோபிளெபாரத்துக்கும் லூக்கோப்ரையத்துக்கும் இடையில். வெளிறிய நிறத்துக்குக் காரணம் இரண்டிலும் ஒன்றுதான்: இலையில் நீர் தேக்கும் வெற்று செல்கள் அடுக்கடுக்காக இருப்பது. முந்தையதன் இலை பட்டை நாடாபோல் தட்டை, வித்துப்பை நிமிர்ந்து நிற்கும், பற்கள் எட்டு. பெயரிலேயே ‘எட்டு இமைமயிர்’ இருக்கிறது. பிந்தையதன் வித்துப்பை சாய்ந்திருக்கும், பற்கள் பதினாறு. வித்துப்பை கிடைக்கவில்லையா? பிளேடால் இலையைக் குறுக்கே மெலிதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். வெற்று செல்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் பச்சைச் செல்கள் முக்கோணமாக இருந்தால் ஆக்டோபிளெபாரம், நாற்கோணமாக இருந்தால் லூக்கோப்ரையம்.

அடுத்த முறை எடுக்கும்போது நகக்கண் அளவு போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் புழுங்கிவிடும். காகிதத்தை மடித்து உறையாக்கி, ஒவ்வொரு குஞ்சத்துக்கும் தனி உறை வையுங்கள். எந்த மரம், எவ்வளவு உயரம், என்ன தேதி என்று உறைமேலேயே எழுதுங்கள். இரண்டு நாள் நிழலில் காயவிட்டு முதலில் காய்ந்த நிலையில் படம் எடுங்கள், அப்புறம் ஒரு சொட்டு நீர் விட்டு அதே குஞ்சத்தை மறுபடி எடுங்கள். வித்துப்பையே இல்லாத குஞ்சமாக இருந்து, ஜெம்மா, கண்ணாடி முள் மாதிரி தனி அடையாளமும் இல்லையென்றால், உறையில் ‘யூலோட்டா’ என்று பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு, பை விடும் பருவத்தில் அதே மரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.