வாசகர் கேள்வி – பதில்: பத்மநாபபுரம் அரண்மனைக்குப் புறப்படுமுன்

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர்: சனி, ஞாயிறு இரு நாளும் கன்னியாகுமரியில் தங்கிவிட்டு, திங்கட்கிழமை காலையில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து, அன்று மாலையே ரயிலேறத் திட்டமிட்டிருக்கிறோம். எழுபதைக் கடந்த என் தாயாருக்கு மூட்டுவலி உண்டு. அரண்மனைக்கு ஒரு மணி நேரம் போதுமா?

பதில்: முதலில் கிழமையை மாற்றுங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அரண்மனைக்கு அருகிலுள்ள ஊரான தக்கலை வரை போய்ப் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புவோர் இன்றும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி, எழும்பூரில் இறங்கி இரவு ரயிலைப் பிடித்தால் சனிக்கிழமை காலை நாகர்கோவிலில் இருப்பீர்கள். அங்கிருந்து தக்கலை ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான் என்பதால், அரண்மனையை முதலில் பார்த்துவிட்டுக் கன்னியாகுமரிக்குப் போவதே அலைச்சலைக் குறைக்கும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விடுமுறைக் காலமென்றால் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

ஒரு மணி நேரம் போதாது. குறைந்தது மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். நண்பகலில் உணவு இடைவேளைக்காக மூடுவார்கள் என்பதால் காலையில் திறக்கும்போதே உள்ளே நுழைவது நல்லது. மைசூர் அரண்மனையைப் போன்ற பகட்டை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே ஏமாந்துதான் போவார்கள். இது மரத்தால் இழைத்த அரண்மனை, விறுவிறுவென்று நடந்தால் கண்ணில் எதுவும் படாது. நுழைவு முகப்பான பூமுகத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேற்கூரையில் ஒன்றைப்போல் மற்றொன்று இராத மரப்பூக்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பது தெரியும். அங்கேயே குதிரை வீரன் உருவம் கொண்ட தொங்குவிளக்கும் இருக்கிறது. மன்னர் ஆலோசனை நடத்திய, மாடியிலுள்ள மந்திரசாலையில் சன்னல்களுக்கு வண்ண அப்பிரகத் (மைக்கா) தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே வெளிச்சம் மங்கலாகவும் காற்று இதமாகவும் இருக்கும். தரையையும் கவனியுங்கள். சுண்ணாம்பு, எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து இழைத்ததாகச் சொல்லப்படும் அந்தக் கறுப்புத் தரை, நவராத்திரி மண்டபத்தில் நம் நிழலைக் கண்ணாடிபோல் காட்டுகிறது.

அந்த வழவழப்புதான் உங்கள் தாயாருக்குச் சிக்கலும்கூட. காலணிகளை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். காலுறையோடு நடந்தால் வழுக்கும். மரப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. ஆகவே நுழையும்போதே பணியாளரிடம் சொல்லி, பூமுகம், அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரம், நவராத்திரி மண்டபம் ஆகிய தரைத்தளப் பகுதிகளை மட்டும் அவருக்குக் காட்டுங்கள். மாடி ஏறுவதை நீங்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர் ஒருவர்: நவராத்திரி நேரத்தில் போகலாமா? தமிழ்நாட்டிலுள்ள அரண்மனையைக் கேரள அரசு பராமரிப்பது ஏன்?

பதில்: கூட்டம் பொருட்டில்லை என்றால் தாராளமாகப் போகலாம். நவராத்திரிக்கு முன்னதாக அரண்மனையின் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் இங்கிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகின்றன. புறப்படுமுன் அரண்மனையிலுள்ள உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கு நடக்கும். நிதானமாகச் சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் பெரும்பகுதி கேரளத்தோடும் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடும் இணைந்தபோது, அரண்மனை மட்டும் கேரளத்தின் பொறுப்பிலேயே தொடர்ந்தது.

ராயபுரத்திலிருந்து ஓர் ஆசிரியர்: மாணவர்களை அழைத்துப் போகிறோம். அருகில் வேறென்ன பார்க்கலாம்?

பதில்: உதயகிரிக் கோட்டையைத் தவறவிடாதீர்கள், தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைந்து, பின்னர் அவருடைய படைக்கே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டி லனாய் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அரண்மனையில் மார்த்தாண்ட வர்மா காலத்து நிகழ்ச்சிகளைச் சித்திரிக்கும் ஓவியங்களைப் பார்த்துவிட்டு அங்கே போனால் பாடம் எளிதில் விளங்கும். கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது; அதை மாணவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.