ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாளுக்கு எவ்வளவு அல்ஜிப்ரா தெரிந்திருக்க வேண்டும்?

முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த கையோடு வரும் கேள்விகள் இவை. பலருக்கும் பொதுவானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு, கணக்குப் பாடமே இல்லை. இப்போது பி.காம். முதலாண்டில் பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். எட்டாம் வகுப்பு அல்ஜிப்ராவிலிருந்து திரும்ப ஆரம்பிக்கட்டுமா?

வேண்டாம். அப்படி ஆரம்பிப்பவர்கள் பாதிப் பேர் காரணிப்படுத்தலிலேயே களைத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இந்தத் தாளுக்குக் காரணிப்படுத்தலும் வேண்டாம், திரிகோணமிதியும் வேண்டாம். அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் முடிப்பது, மைனஸ் எண்ணை வர்க்கப்படுத்துவது, சதவீதத்தைத் தசமமாக்குவது, சூத்திரத்தில் தெரியாத ஒன்றைத் தனியே பிரித்தெடுப்பது, இவை கை வந்தால் போதும். தொடர்புப் போக்குக் கோடுகள் (ரிக்ரெஷன், ஒன்றின் மதிப்பை வைத்து மற்றொன்றை மதிப்பிடும் கோடுகள்) பாடம் வரும்போது இரு மாறிச் சமன்பாடுகளை ஒருமுறை புரட்டிக்கொள்ளுங்கள். சமச்சீர்ப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் திட்ட விலக்கமும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) மாறுபாட்டுக் கெழுவும் (அந்தச் சிதறலைச் சராசரியின் சதவீதமாகச் சொல்வது) இருக்கின்றன. அதிலிருந்து தொடங்கலாம்.

திட்ட விலக்கம் போடும்போது எனக்கு அடிக்கடி வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வருகிறது. எங்கே தப்பு?

அந்த இடத்தில் மைனஸ் வரவே வராது. வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

4, 6, 8, 10, 12 என்று ஐந்து எண்கள். கூட்டினால் 40. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 360. சூத்திரப்படி 360-ஐ 5-ஆல் வகுத்தால் 72. அதிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். சராசரி 8, வர்க்கம் 64, மீதி 8, அதன் வர்க்கமூலம் 2.83. நிறையப் பேர் செய்வது என்ன? 40-ஐ வர்க்கப்படுத்தி 1600 ஆக்கி, அதை 5-ஆல் மட்டும் வகுத்து 320 என்று எழுதுகிறார்கள். 72-இல் 320 போனால் மைனஸ் 248! சூத்திரத்தில் இருப்பது (40 ÷ 5)², வர்க்கக் குறி அடைப்புக்கு வெளியே இருக்கிறது. அப்படியென்றால் கீழே உள்ள 5-க்கும் வர்க்கம் உண்டு. 1600-ஐ 25-ஆல் வகுக்க வேண்டும்.

இன்னொரு காரணம் சராசரியை அவசரப்பட்டு முழுமையாக்குவது. 101, 102, 104 என்ற மூன்று எண்களுக்குச் சராசரி 102.333... திட்ட விலக்கம் 1.25. சராசரியை 102.3 என்று வெட்டிவிட்டு அதே சூத்திரத்தில் போட்டால் 2.89 வரும். ஒரே ஒரு தசமத்தில் நிறுத்தியதற்கு விடை இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. கீழே வெட்டாமல் மேலே 102.4 என்று ஏற்றியிருந்தால் வர்க்கமூலத்துக்குள் மைனஸே வந்திருக்கும். கடைசி வரியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

கால்குலேட்டர் இரண்டு திட்ட விலக்கம் காட்டுகிறது. எதை எழுதுவது?

ஒன்று எண்ணிக்கையால் வகுத்தது, மற்றது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தது. மேலே உள்ள ஐந்து எண்களுக்கு முதலாவது 2.83, இரண்டாவது 3.16. அந்த ஐந்து பேர்தான் முழு வகுப்பும் என்றால் முதலாவது. பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்றால் இரண்டாவது.

ஏன் ஒன்று குறைகிறது? சராசரியிலிருந்து விலக்கங்கள் மைனஸ் 4, மைனஸ் 2, 0, 2 என்று நான்கு தெரிந்துவிட்டால் ஐந்தாவது 4 ஆகத்தான் இருந்தாக வேண்டும், எல்லாம் சேர்ந்து பூஜ்யமாக வேண்டுமே! சுதந்திரமாக இருப்பவை நான்குதான். வினாத்தாளில் ‘மாதிரி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வணிகவியல் பாடப் புத்தகங்கள் பலவும் முதல் முறையைத்தான் பின்பற்றும், அதனால் உங்கள் ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பி.பி.ஏ. புராஜெக்டுக்கு 100 பேரிடம் கருத்துக் கேட்டால் போதுமா?

எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘ஆம்/இல்லை’ கேள்விக்கு, 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில் (இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால் ஏறக்குறைய 95 முறை உண்மை வரம்புக்குள் இருக்கும்), பிழை வரம்பு = 1.96 × √(விகிதம் × (1 − விகிதம்) ÷ எண்ணிக்கை). விகிதம், அதாவது ‘ஆம்’ என்பவர்களின் பங்கு, முன்கூட்டித் தெரியாதபோது 0.5 போடுவது வழக்கம், ஏனென்றால் அந்தப் பெருக்கல் பலன் அங்கேதான் உச்சம், 0.25. 100 பேர் என்றால் பிழை இருபுறமும் 9.8 சதவீதப் புள்ளிகள்.

3 புள்ளிக்குள் வேண்டுமா? இருபுறமும் வர்க்கப்படுத்தி எண்ணிக்கையைத் தனியே கொண்டுவாருங்கள்: 1.96-இன் வர்க்கம் × 0.25 ÷ 0.03-இன் வர்க்கம். 1067.1 வரும், ஆளைப் பின்னமாக்க முடியாது, எப்போதும் மேலேதான் முழுமையாக்க வேண்டும், ஆக 1068. எண்ணிக்கை வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். அப்புறம் ஒன்று: ஹாஸ்டல் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பிச் சேர்த்த 1068-க்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அது சமவாய்ப்பில் எடுத்த மாதிரிக்கு மட்டும்.

சாஃப்ட்வேர் பி-மதிப்பை 3.2-க்குப் பக்கத்தில் ஓர் ‘ஈ’ போட்டு மைனஸ் 05 என்று காட்டியது. 0.05-ஐவிடப் பெரியது என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது.

போகத்தான் செய்யும். அது 3.2 × 10-இன் அடுக்கு மைனஸ் 5, அதாவது 0.000032. 0.05-ஐவிட மிக மிகச் சிறியது. பி-மதிப்பு என்பது உண்மையில் வேறுபாடோ தொடர்போ இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு, அதை வழக்கமாக 0.05-உடன் ஒப்பிடுவார்கள்.

ஒய்-க்கான தொடர்புப் போக்குக் கோடு தெரியும். அதையே மாற்றி எழுதி எக்ஸ்-க்கான கோட்டைக் கண்டுபிடிக்கக் கூடாதா?

அல்ஜிப்ரா நன்றாகத் தெரிந்தவர்கள் விழும் குழி இது. முதல் கோடு ஒய்-இல் வரும் பிழைகளின் வர்க்கங்களைக் குறைக்கிறது, இரண்டாவது எக்ஸ்-இல் வருவனவற்றை. நோக்கம் வேறு, கோடும் வேறு. ஒன்றின் சாய்வு 0.8, மற்றதன் சாய்வு 0.5 என்று வைத்துக்கொள்வோம். முதல் கோட்டைப் புரட்டி எழுதினால் 0.5 வராது, 1.25 வரும். ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை மைனஸ் 1 முதல் 1 வரை சொல்லும் எண்) சரியாக 1 அல்லது மைனஸ் 1 ஆக இருந்தால் மட்டுமே இரண்டு கோடுகளும் ஒன்றாகும். இரண்டு சாய்வுகளையும் பெருக்கினால் ஒட்டுறவுக் கெழுவின் வர்க்கம் கிடைக்கும்: 0.8 × 0.5 = 0.4, வர்க்கமூலம் 0.63. இரண்டு சாய்வுகளும் மைனஸ் என்றால் விடைக்கும் மைனஸ் போட மறக்காதீர்கள். வர்க்கமூலம் அதைத் தானாகத் தராது.